கை வெச்சவன்

எவனோ கை வெச்சிருக்கிறான். நல்லாயிருந்த வண்டிக்குள் கையை விட்டு எதையோ நோண்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுகொண்டிருக்கிறான். அந்தக் கை விளங்காமல் போகட்டும். உருண்டை பிடித்த சோறு வாய்க்குப் போகாமல் காதுக்குப் போகட்டும். நாச்சிமுத்து இதை வாய்விட்டுத்தான் சொன்னார், ஆனால் அவர் காதுக்கே கேட்கவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் நின்ற வெள்ளைக் கார் அந்த ஆட்டம் ஆடியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அடங்கிவிடுகிறது. ரோட்டில் விட்டால் ராஜா. காலை எடுத்து நிறுத்தினால் போதும், ஜன்னி கண்டவன் மாதிரி வெடவெடவென்று நடுங்கி, சைடு கண்ணாடியில் தெரிகிற எதிர்வீட்டுத் தண்ணித்தொட்டி இரண்டாகி மூன்றாகி, கடைசியில் ஒரு தும்மல் போட்டு அணைந்துவிடுகிறது. தாராபுரத்தில் பழைய கார் புரோக்கர் என்றால் நாச்சிமுத்து, நாச்சிமுத்து என்றால் பழைய கார். அவர் கை மாற்றிவிட்ட வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் அமராவதிப் பாலம் நிறையும். அவர் விற்காமல் தனக்கென்று வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இதில் பொண்டாட்டியை ஏற்றிக்கொண்டு ஆனைமலைக்குப் போய், மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வரவேண்டும். கை வெச்சவன் எவனோ அவன் உடம்பு எரியவேண்டும். அரைக்கிலோ குண்டுமிளகாய் நேற்றே வாங்கி டிக்கியில் வைத்தாயிற்று. பஸ்ஸில் போகலாமே என்றாள் தெய்வானை. சாபம் விடப்போகிறவன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டா போவான். ஆக, வண்டியைக் கெடுத்தவனைச் சபிக்க வேண்டுமென்றால் முதலில் வண்டி சரியாக வேண்டும், வண்டிதான் சரியாகிவிட்டதே அப்புறம் எதுக்குச் சாபம் என்று மனசின் ஒரு மூலை கேட்டது. அந்த மூலையைப் பார்த்து, சும்மா கெட, என்றார்.

"ஏனுங், ஒண்ணு கேக்கட்டுங்களா" என்றாள் தெய்வானை, வாசற்படியில் நின்று ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே. முப்பத்தோரு வருசமாக இந்த வாயோடு குடித்தனம் நடத்துகிறவள் என்பதால் என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசும் குரல் அவளுக்குத் தானாக வரும். "சர்வீஸ் பண்ணின மரியதாஸ் மேலதான் அரைக்கப் போறீங்களா?" பேரே சொல்லப் போவதில்லை என்றார். "அப்பறம் என்னன்னு அரைப்பீங்க?" கை வெச்சவன் எவனோ அவன், அவ்வளவுதான், ஆளைக் கண்டுபிடிக்கிறது அம்மன் பாடு. "தப்பான ஆள்மேல அரைச்சா அரைச்சவங்க மேலயே திரும்பீருமுங்கறாங்க." அதுக்குத்தான் பேர் சொல்லலைங்கறேன், பேர் எழுதாத செக்கு மாதிரி, யாருக்கு உண்டானதோ அவன் போய் வாங்கிக்குவான். சொல்லும்போதே அந்த யோசனையின் அழகில் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாற்பது வருசம் பேரம் பேசினவன் அம்மனிடம் மட்டும் ஏமாந்துவிடுவானா. தெய்வானை துண்டை உதறினாள். "அந்தப் புள்ளையக் கூப்புட்டா பத்து நிமிசத்துல பாத்துட்டுப் போயிரும்." அவன் கால் என் வாசல்ல படக்கூடாது. "அது சரி. எட்டு நாளா உங்க வாசல்ல வேற எந்தக் காலும்தான் படலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போகிறபோது கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

பிளக்தான். நடுக்கமென்றால் பிளக். நாலு சிலிண்டர் என்பது நாலு பேர் தூக்கும் பல்லக்கு, ஒருத்தன் நொண்டினால் சாமி ஆடும். எவன் நொண்டுகிறான் என்று பார்க்க, என்ஜின் ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டும். பிடுங்கினதும் ஆட்டம் அதிகமானால் அவன் உழைக்கிறவன், பாவம், திரும்ப மாட்டிவிடு. பிடுங்கியும் ஒன்றும் மாறவில்லையென்றால் அவன்தான் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். இதெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. பதினோரு வயசில் லாரியில் கிளீனராக ஏறியபோது டிரைவர் பத்தாம் நம்பர் ஸ்பேனர் கேட்டு இவர் பன்னிரண்டாம் நம்பரை நீட்டினால் அந்தப் பன்னிரண்டாலேயே மண்டையில் ஒன்று விழும், புடைத்த புடைப்பைத் தடவிப் பார்த்து இது பன்னிரண்டு என்று மனசில் போட்டுக்கொள்வார், அப்படி வளர்ந்த படிப்பு. முதல் ஒயர், ஆட்டம் அதிகமானது, உழைக்கிறான். இரண்டாவது, உழைக்கிறான். மூன்றாவதில் கை வைத்ததும் சுரீரென்று கரண்ட் வலதுகை விரலில் ஏறித் தோள்பட்டையில் போய் இறங்கி, உதறிய கை பானெட்டை நிறுத்தியிருந்த கம்பியில் இடித்து, பானெட் சரிந்து அதே கைமேல் விழுந்தது. திங்கட்கிழமை ரேடியேட்டர் மூடியைத் திறக்கப்போய்க் கொப்புளித்ததும் இந்தக் கைதான். புதன்கிழமை ஸ்பேனர் வழுக்கி நகம் கறுத்ததும் இதேதான். ஒரே கைக்கு ஒரே வாரத்தில் இத்தனை எப்படி என்று ஒரு நினைப்பு ஓடி வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது, ஏனென்றால் பானெட்டைத் திரும்ப நிறுத்திப் பார்த்தால் மூன்றாவதும் நாலாவதும் உழைக்கிறவர்கள்தான். நாலு பேரும் ஒழுங்காகத் தூக்குகிறார்கள். அப்புறம் எதுக்கு ஆடுகிறது. கார்புரேட்டரில் ஸ்லோ ஸ்பீடு திருகாணியைக் கால் சுற்று இப்படி, கால் சுற்று அப்படி. ஏற்றினால் கத்துகிறது, இறக்கினால் சாகிறது. திருகாணி சொல்பேச்சுக் கேட்கவில்லை. ஊரில் யார்தான் கேட்கிறார்கள்.

மரியதாஸ் இருந்தால் திருகாணியைத் தொட்டிருக்கவே மாட்டான். பானெட்டைத் திறக்கமாட்டான், முதலில் கண்ணை மூடுவான். உடுமலை ரோட்டில் தகர ஷெட், அதில் அவன், அவன் காது, வேறு பெரிய சாமான் ஒன்றும் கிடையாது. நாச்சிமுத்து வாய், மரியதாஸ் காது என்று கார் ஸ்டாண்டில் சொல்வார்கள், இருபது வருசமாக அதுதான் வியாபாரம். வாங்க வந்தவனிடம் இவர் மணிக்கணக்காகப் பேசுவார், அவன் ஒரு நிமிசம் கேட்டுவிட்டு "எடுத்துக்கலாங்க" என்பான், இவர் பேசின பேச்சையெல்லாம் மறந்துவிட்டு அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாங்குவார்கள். விற்க வருகிறவனுக்கு வேறு வைத்தியம், டம்ளர். ஓடுகிற என்ஜினை மூடின பானெட் மேல் தளும்பத் தளும்பத் தண்ணி ஊற்றி எவர்சில்வர் டம்ளரை வைப்பார். ஒரு சொட்டு சிந்தினாலும், பாத்தீங்களா, நாடி சரியில்ல, என்று தலையை ஆட்டி விலையை உடைப்பார். டம்ளரை எங்கே வைத்தால் சிந்தும் என்பதும் அவருக்குத் தெரியும், தகரத்தின் நடு மத்தியில், அடியில் முட்டு இல்லாத இடத்தில். அங்கே வைத்தால் கோயில் தேரே சிந்தும். மரியதாஸுக்கும் அது தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த டம்ளரையும் இவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான், பிறகு வேறு பக்கம் பார்த்தான், யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாயில்லாதவனைத்தான் போன வெள்ளிக்கிழமை டீக்கடையில், ஸ்டாண்டு மொத்தமும் பார்க்க, காதுல என்னடா வெச்சுட்டு சர்வீஸ் பண்ணினே, என்று கேட்டார். கேட்டது நியாயம்தானே. போன வாரம் புதன்கிழமை அவன் சர்வீஸ் பண்ணிக் கழுவிக் கொடுத்தான், அன்றைக்கு வண்டி பூனை தூங்குகிற மாதிரி இருந்தது. வியாழன் ஆயுத பூஜை, வண்டி வாசலை விட்டு நகரவில்லை, சந்தனம் குங்குமம் மாலை எல்லாம் இவரே கிட்ட இருந்து போட்டார். வெள்ளிக்கிழமை சாவி போட்டால் ஜன்னி. நடுவில் அவனைத் தவிர யார் தொட்டார்கள். மரியதாஸ் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது. "என் கை பட்ட வண்டி நடுங்காதுங்கண்ணா. எனக்கப்பறம் எவனோ கை வெச்சிருக்கான். அவனக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்றான். கண்டுபிடிச்சா உன் ஷெட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தி மன்னிப்புக் கேக்க வெக்கறண்டா, என்றார் இவர். அவன் பாதி குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனான். அந்த டம்ளர்மேல் ஏடு படிந்ததை இவர் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றிலிருந்து எவன் வண்டி பார்க்க வந்தாலும் முதல் கேள்வி, மரியதாஸ் கேட்டாராங்க. இல்லை என்றதும் மூஞ்சி மாறி, வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றனுங்க, என்று போகிறான். வாய் மட்டும் இருந்து என்ன பண்ண. காதில்லாத வாய் வெறும் ஓட்டை.

தாகமாக இருந்தது. தெய்வானை திண்டின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்த டம்ளரை எடுத்தார், பேரத்துக்கு வைக்கிற அதே டம்ளர்தான், இந்த வீட்டில் வேறு டம்ளரே இல்லாத மாதிரி. வலி எடுத்த வலதுகை நடுங்கியதில் தண்ணி வாய்க்குப் போகாமல் சட்டைக்குள் போனது. சனியன் என்று டம்ளரை ஏர் ஃபில்டர் மூடிமேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டுப் பார்த்தால் டம்ளர் சிந்திக்கொண்டிருக்கிறது. முட்டு கொடுத்த இடத்தில்தான் இருக்கிறது, எந்தத் தந்திரமும் இல்லை, யோக்கியமாகச் சிந்துகிறது. இந்த வண்டியை எவனாவது தன்னிடம் விற்க வந்திருந்தால் என்னவெல்லாம் சொல்லி உடைத்திருப்போம் என்று வரிசையாக வாயில் வந்தது. உங்க வண்டிக்கு மூச்சு இல்லீங்க, எடைக்குத்தானுங்க போகும். அப்போது டம்ளர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து கவிழ்ந்தது. தண்ணி இடுக்கில் இறங்கியது. நடுக்கம் நின்றது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, கண்ணாடியில் தண்ணித்தொட்டி ஒன்றாகி நின்றது, பூனை தூங்கியது. மூன்றாவது மூச்சில் மறுபடி ஜன்னி. நாச்சிமுத்து கவிழ்ந்த டம்ளரை எடுத்துப் போய்க் குழாயில் பிடித்துவந்து, இந்த முறை கொஞ்சம் கொஞ்சமாக, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி, இந்தப் பக்கம் ஒரு சொட்டு, மாற்றமில்லை, அந்தப் பக்கம் ஒரு சொட்டு, மாற்றமில்லை, கார்புரேட்டருக்கு அடியில் வளைந்து போகிற சுண்டுவிரல் தடிமன் ரப்பர் பைப்பின்மேல் ஒரு சொட்டு, நின்றது. காற்று. எங்கேயோ ஓட்டை, திருட்டுக் காற்றை உறிஞ்சுகிறது, தண்ணி அடைத்தால் சரியாகிறது, உலர்ந்தால் நடுங்குகிறது. காதை வைத்தார். உஸ்ஸென்று, பல் போன கிழவன் விசில் அடிக்கிற மாதிரி, சின்னதாக ஒரு சத்தம். எட்டு நாளாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது, இவர்தான் அதைவிடச் சத்தமாக இருந்திருக்கிறார்.

மாட்டினான். ஓட்டை போட்டவன் இப்போது மாட்டினான். என்ஜினை அணைத்துவிட்டு, சாமி கும்பிடுகிற பக்தியோடு விரலால் பைப்பைத் தடவினார். விரல் நுனியில் பட்டது, பைப்பின் நுனிக்குப் பக்கத்தில், கடுகு அளவு, வட்டமாக, விளிம்பு கருகி. கத்தியில்லை, ஊசியில்லை, நெருப்பால் போட்டிருக்கிறான் பாவி. அப்படியே விரல் பின்னால் போனபோது இடுக்கில் ஏதோ குச்சி தட்டுப்பட்டது. கூலி கொடுத்தாலும் கிடைக்காத சாட்சி. இழுத்தார். வந்தது. பாதி எரிந்து பாதி நிற்கிற மூங்கில் குச்சி, அடியில் சிவப்புச் சாயம், மூக்கில் வைத்தால் இன்னும் தாழம்பூ. நாச்சிமுத்து குச்சியைப் பார்த்தார். குச்சி அவரைப் பார்த்தது. கடைவீதியில் ஊதுவத்தி பாக்கெட்டு ஒன்று வாங்கி, இன்னொன்று இனாம் கொடுத்தால்தான் ஆச்சு என்று அரைமணி நேரம் நின்று பேசி வாங்கினது யார். இனாமாக வந்ததை மிச்சம் வைக்கக்கூடாது என்று முழுப் பாக்கெட்டையும் ஒரேயடியாகப் பற்றவைத்தது யார். வத்தி குத்திவைக்க வாழைப்பழம் போதவில்லை, இன்னொரு பழம் கொண்டாறேன் இருங்க என்று தெய்வானை சொல்லச் சொல்ல, பழமா ஓடி சம்பாதிக்குது, என்ஜினுக்குக் காட்டுடி, என்று பானெட்டைத் தூக்கி, கிடைத்த இடுக்கிலெல்லாம் சொருகியது எந்தக் கை. அந்தக் கையைப் பார்த்தார். கொப்புளம், கறுத்த நகம், தோள்வரை கரண்ட், பானெட் விழுந்த வீக்கம். எட்டு நாளாக விளங்காமல் போகட்டும், விளங்காமல் போகட்டும் என்று மூன்று வேளையும் சொன்னது யாருக்குப் பலித்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. சோறு காதுக்குப் போகட்டும் என்றோமே, தண்ணி சட்டைக்குப் போனதே. வாபஸ். அவசர அவசரமாக வாய்க்குள்ளேயே எல்லாவற்றையும் வாபஸ் வாங்கினார், தேதிவாரியாக, டீக்கடையில் சொன்னது, குளிக்கும்போது சொன்னது, இன்று காலை சொன்னது. டிக்கியில் மிளகாய் இருக்கிறது. வண்டி மட்டும் நடுங்காமல் இருந்திருந்தால் போன செவ்வாய்க்கிழமையே போய் அரைத்திருப்போம், பேர் எழுதாத செக்கு, யாருக்கு உண்டானதோ. அடி ஆத்தா. இந்த நடுக்கம்தான் காப்பாற்றியிருக்கிறது.

பைப்பின் கருகின நுனி இரண்டு விரற்கடை, பிளேடால் நறுக்கிவிட்டு மிச்சத்தை இழுத்துச் சொருகினால் எட்டியது. வேலை அவ்வளவுதான். சாவி போட்டார். ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. டம்ளரில் தளும்ப ஊற்றி பானெட்டை மூடி, கெட்ட பழக்கம், நடு மத்தியில் வைத்தார். சிந்தவில்லை. இப்போது யாருக்கும் எதுவும் தெரியாது. எலி என்று சொல்லிவிடலாம். எலி கடிச்சிருச்சுங்க, என்றால் முடிந்தது, எலி மறுத்துப் பேசாது, டீயைப் பாதியில் வைத்துவிட்டும் போகாது. ஸ்டாண்டில் சொல்லும்போது எலியின் அளவைக் கொஞ்சம் கூட்டிக்கூடச் சொல்லலாம். ஆனால் எலி என்றாலும் அந்த டம்ளரில் ஏடு படிந்தது படிந்ததுதான். அதைவிட, கோயில் இருக்கிறது. நேர்ந்துகொண்டாயிற்று. அங்கே போய்க் கல்லில் கை வைத்து, கை வெச்சவன் எவனோ என்று ஆரம்பித்தால் அம்மன் எலியைத் தேடிக்கொண்டா போவாள். தெய்வானை பட்டுப்புடவையில் வந்து நின்றாள். "சரியாயிருச்சாட்ட இருக்குது. யாரு கை வெச்சதுன்னு தெரிஞ்சுதுங்களா?" கோயிலுக்கு அடுத்த வாரம் போலாமே, வெயிலா இருக்கு. "நேந்துக்கிட்டதத் தள்ளிப்போடக் கூடாதுங்." இல்ல, இந்த மொளகா அவ்வளவு காரமில்ல. அவள் குச்சியைச் சொருகியிருந்த அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். "பையில என்னங்க அது?" பேனா. "செவப்புப் பேனாவா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். டிக்கியைத் திறந்து மிளகாய்ப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். "கெளம்புங்க. ஆனைமலையோ எதுவோ, உடுமலை ரோட்லதான போகோணும்."

உடுமலை ரோட்டில்தான் போகவேண்டும். ஊரைத் தாண்டி இரண்டாவது வளைவில் தகர ஷெட். நிறுத்தவேண்டாம் என்றுதான் கால் நினைத்தது, ஆனால் கால் ஆக்சிலேட்டரை விட்டு எழுந்து, வண்டி தானாக ஓரம் கட்டி நின்றது. உள்ளே ஒரு ஜீப்புக்கு அடியில் மரியதாஸின் கால்கள் மட்டும் தெரிந்தன, பெருவிரல் இரண்டும் ஏதோ தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தன. வண்டி வந்து நின்ற சத்தத்தில் ஆட்டம் நின்றது. கேட்கிறான். கால் விரலால் கேட்கிறான். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது, எட்டு நாள் நடுவில் போகாத மாதிரி. "எந்தப் பைப்புங்கண்ணா?" சொல்லலாம். கார்புரேட்டருக்கு அடியில போறது என்று சொல்லலாம், அது பொய்யில்லை, அதோடு நிறுத்திக்கொண்டால் அதுவும் ஒரு பேரம்தான். தெய்வானை மடியில் இருந்த பொட்டலத்தை ஒரு தடவை திருப்பி வைத்தாள், உள்ளே குண்டுமிளகாய் கலகலவென்றது. வண்டி நின்ற இடத்தில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நடுக்கம் இல்லை, ஒரு தும்மல் இல்லை, என்ன ஆச்சோ பார்க்கிறேன் என்று பானெட்டைத் திறக்கக்கூட ஒரு சாக்கு வைக்காமல். ஷெட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துறேன் என்று சொன்னது சொன்னதுதான், நிறுத்தியாயிற்று, வாசலுக்குப் பத்தடி. மிச்சம் பத்தடிதான். டேய் கை வெச்சவனே, ஊரெல்லாம் உன்னைத் தேடி ஒரு வாரம் நாசமாய்ப் போச்சு. நோண்டினவன் நீ, கத்தினவனும் நீ, அந்தப் புள்ளை டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நீ. எலி வராது, அம்மன் வரமாட்டாள், உனக்காக வேறு எவனும் வந்து சொல்லமாட்டான். பையிலிருக்கிற குச்சியை அந்தக் கையாலேயே எடு. கதவைத் திற. இனியாவது இறங்கிப் போய்ச் சொல்லுடா.